புகைபோக்கியில் போகும் விறகு

வணக்கம் நேயர்களே. ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு பஸ்ஸில் போகும்போது ஏதோ ஒரு வளைவில் தேயிலை வாசம் குப்பென்று மூக்கில் ஏறும். பக்கத்தில் பெக்டரி ஓடுகிறது என்று அர்த்தம். அந்த வாசத்தோடு, தேயிலையைக் காய வைக்கும் டிரையரின் சூடும் வெளியே போகிறது. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. பறித்த கொழுந்தில் 77 சதவீதம் நீர் என்று வைத்துக்கொள்வோம். பெக்டரி மாடியில் தொட்டிகளில் பரப்பி, காற்று ஊதி வாட்டியபின் 55, டிரையரை விட்டு வரும் தூளில் 3. அப்படியானால் ஒரு கிலோ தூளுக்கு, வாட்டும்போது இரண்டு கிலோ நீரும் டிரையரில் ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடவும் ஆவியாக வேண்டும். டிரையரில் போகும் அந்த நீரை மட்டும் விரட்ட, காய்ந்த விறகு 200 கிராம் போதும். ஆனால் நம் பெக்டரிகளில் ஒரு கிலோ தூளுக்கு ஒரு கிலோவுக்கு மேல் விறகு எரிகிறது. வாட்டும் மாடிக்குக் கொஞ்சம் போகிறது, சரி. மற்றது? புகைபோக்கியிலும், கழிவுக் காற்றிலும், உறை போட்டு மூடாமல் விட்ட சூட்டுக் குழாய்களிலும் போய்விடுகிறது.

அந்தச் சூட்டில் கரண்ட் எடுக்கலாமே என்று படிக்கிற பிள்ளைகள் கேட்பார்கள். டிரையர் விடும் காற்று 55 பாகை, நுவரெலியாவின் வெளிக்காற்று 16 பாகை என்றால், எப்பேர்ப்பட்ட எந்திரமும் 12 சதவீதத்துக்கு மேல் வேலையாக மாற்ற முடியாது. நடைமுறையில் அதில் பாதி கிடைப்பதே கஷ்டம். சூட்டைச் சூடாகவே பயன்படுத்துவதுதான் புத்தி. வாட்டும் தொட்டிகளுக்கு வேண்டியதும் 30 பாகைக்கு உட்பட்ட காற்றுத்தானே!

அப்படியே குழாய் வைத்து மேலே ஊதிவிடலாமா? கூடாது. அது ஏற்கெனவே வயிறு முட்ட நீர் குடித்த காற்று, கொழுந்தின் ஈரத்தை இழுக்காது. தூசும் தேயிலைப் பஞ்சும் வேறு கலந்திருக்கும். நடுவில் மெல்லிய தகடுகள் வைத்து, ஒரு பக்கம் கழிவுக் காற்றையும் மறுபக்கம் வெளிக்காற்றையும் ஓட விட வேண்டும். சூடு மட்டும் தகட்டைத் தாண்டும். தென்மேல் பருவத்தில் ஹட்டன் பக்கம் நாள் முழுக்க மழையும் மூட்டமுமாக இருக்கும்போது இதன் அருமை தேயிலைத் தயாரிப்பைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கருக்குத் தெரியும். ஈரக் காற்றை நாலைந்து பாகை சூடாக்கினாலே கொழுந்து வாடத் தொடங்கிவிடும்.

புகைபோக்கியிலும் இதைச் செய்யலாம். புகையின் வெப்பத்தை 20 பாகை குறைத்தால் எரிபொருளில் ஏறத்தாழ ஒரு சதவீதம் மிச்சம். ஆசைப்பட்டு ரொம்பக் குளிர விட்டால் தார் படிந்து குழாய் அடைத்துவிடும்.

என்னைக் கேட்டால் முதல் செலவு விறகுக் கொட்டகைக்குத்தான். வெட்டிய மரத்தின் எடையில் பாதி நீராக இருக்கும். அதை விரட்டவும் அதே விறகுதான் எரிகிறது, புகையும் கூடுகிறது. கூரை போட்டு, காற்றோட்டமாக அடுக்கி, சில மாதம் காய விடுங்கள். அப்புறம் சூட்டுக் குழாய்களைச் சூடு போகாதபடி உறை போட்டு மூடுங்கள். தகட்டு எந்திரம் மூன்றாவது. அதற்கு ஓர்டர் கொடுக்குமுன், வாராவாரம் தகடுகளில் ஒட்டும் பஞ்சைத் துடைக்கப் போவது யார் என்று பேசி முடித்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.