காற்றாலை தயார், கம்பி எங்கே?

அவையோருக்கு வணக்கம். காற்றாலை, சூரியத் தகடு பற்றியெல்லாம் நிறையக் கேட்டிருப்பீர்கள். இன்று நான் கம்பியைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன். கம்பிக்குத் திறப்பு விழா நடத்த யாரும் வருவதில்லை என்பதாலோ என்னவோ, அதைப் பற்றிய பேச்சே குறைவு.

ஜெர்மனியைப் பாருங்கள். காற்று பலமாக வீசுவது வடக்கே, கடலோரத்தில். பெரிய தொழிற்சாலைகளில் பல இருப்பதோ தெற்கே, பவேரியாவிலும் பாடன்-வுர்ட்டம்பெர்க்கிலும். நடுவில் உள்ள மின்தடங்கள் அவ்வளவு மின்சாரத்தைத் தாங்குவதில்லை. அதனால் நல்ல காற்றடிக்கும் நாளில் வடக்கே காற்றாலைகளை நிறுத்தச் சொல்கிறார்கள். அதே நேரத்தில் தெற்கே அனல் நிலையங்களை ஓட்டச் சொல்கிறார்கள். நிறுத்தியவருக்கும் பணம், ஓட்டியவருக்கும் பணம். கொடுப்பவர் யார்? மின் கட்டணம் கட்டுகிறவர்தான்.

வடக்கின் மின்சாரத்தைத் தெற்கே கொண்டுபோகப் போடப்பட்ட மின்தடத் திட்டம் ஸூட்லிங்க். நீளம் சுமார் 700 கிலோமீட்டர், மின்னழுத்தம் 525 கிலோவோல்ட், திறன் 4 ஜிகாவாட். முதலில் கோபுரங்களில்தான் கொண்டுபோக நினைத்தார்கள். வழியோர ஊர்கள் எதிர்த்தன. 2015 கடைசியில் சட்டமே மாறியது: இப்படிப்பட்ட நீண்ட தடங்களில் நிலத்தடி கேபிளுக்குத்தான் முன்னுரிமை. சரி, பிரச்சினை தீர்ந்ததா? வழித்தடத்தை முதலிலிருந்து வரைய வேண்டியதாயிற்று. கோபுரம் வேண்டாம் என்றவர்கள் ஒரு பக்கம் என்றால், வயலைத் தோண்டினால் மேல்மண்ணும் அடிமண்ணும் கலந்துவிடுமே, கேபிளின் சூடு பயிரைப் பாதிக்குமே என்று கேட்ட விவசாயிகள் மறுபக்கம். 2022-ல் முடிய வேண்டிய வேலைக்கு இப்போது சொல்லும் கெடு 2028.

இதைக் கேட்டதும், "எல்லாக் கம்பியையும் அன்றைக்கே புதைத்திருக்கலாமே" என்று தோன்றும். புதைப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: உள்ளே ஓடப்போவது திசை மாறிக்கொண்டே இருக்கும் ஏ.சி.யா, ஒரே திசையில் ஓடும் டி.சி.யா?

கேபிளின் நடுவில் உலோகக் கடத்தி, அதைச் சுற்றி பாலிஎதிலீன் காப்பு, அதற்கு வெளியே இன்னொரு உலோக உறை. வேறு பெயர் வேண்டாம், இது மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் நீளமான ஒரு மின்தேக்கி. ஏ.சி. நொடிக்கு 50 சுற்று திசை மாறுகிறது. ஒவ்வொரு முறையும் இந்தத் தேக்கியை நிரப்பிக் காலி செய்தாக வேண்டும். 400 கிலோவோல்ட் கேபிளில் அதற்கே கிலோமீட்டருக்கு 10 முதல் 15 ஆம்பியர் போய்விடும். 70, 80 கிலோமீட்டர் தாண்டினால் கேபிளின் கொள்ளளவில் பெரும்பகுதி இதற்கே சரி. பஸ் முழுக்கக் கண்டக்டர்களே நின்றால் பயணி எங்கே ஏறுவது? நடுநடுவே இதை ஈடுகட்டும் ரியாக்டர் என்ற பெரிய கம்பிச்சுருள்களை வைத்துச் சமாளிக்கலாம். ஆனால் அது செலவு, இடம், பராமரிப்பு எல்லாம் சேர்ந்த தலைவலி.

டி.சி.யில் இந்தத் தொல்லை இல்லை. ஒருமுறை நிரம்பினால் போதும். 1954-லேயே சுவீடன் தன் கோட்லாந்து தீவுக்குக் கடலடியில் ஏறக்குறைய 100 கிலோமீட்டருக்கு டி.சி. கேபிள் போட்டது. 2015-ல் பிரான்சும் ஸ்பெயினும் பிரனீஸ் மலையைச் சுரங்கத்தில் குடைந்து, 65 கிலோமீட்டர் நிலத்தடிக் கேபிளில் 2,000 மெகாவாட் இணைப்பைக் கொடுத்தன. இரு முனையிலும் ஏ.சி.யை டி.சி.யாக்கவும் திருப்பவும் பெரிய மாற்று நிலையங்கள் வேண்டும். விலையில் பெரும் பங்கு அவற்றுக்கே போகும். அதனால் நடுவில் ஊருக்கு ஊர் மின்சாரத்தை இறக்க நினைத்தால் டி.சி. கட்டுப்படியாகாது.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். தொலைதூரத்திலிருந்து காற்று மின்சாரத்தை மொத்தமாகக் கொண்டுவர டி.சி. கேபிளைத் தாராளமாகப் புதைக்கலாம். நாடு முழுக்க இருக்கும் 400 கிலோவோல்ட் ஏ.சி. தடங்களை, பார்க்க நன்றாக இல்லை என்பதற்காகப் புதைப்பது வீண். அவற்றுக்குக் கோபுரத்திலேயே அதிகச் சூடு தாங்கும் கம்பியை மாற்றினால் பல இடங்களில் வேலை முடியும்.

சூடு என்றதும் நியூசிலாந்தின் ஆக்லாந்து நினைவுக்கு வருகிறது. 1998 தொடக்கத்தில் அந்த நகரின் மையப் பகுதிக்குப் போய்க்கொண்டிருந்த நான்கு 110 கிலோவோல்ட் நிலத்தடி கேபிள்களும் சில வாரங்களில் ஒவ்வொன்றாகப் பழுதாயின. கடுமையான கோடை, மண் காய்ந்திருந்தது. காய்ந்த மண் வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. கோபுரக் கம்பியைக் காற்று ஆற்றிவிடும், கேபிளுக்குச் சுற்றியுள்ள மண்தான் கதி. நகர மையம் சுமார் ஐந்து வாரம் தடுமாறியது.

ஐந்து வாரமா என்று வியக்காதீர்கள். கோபுரக் கம்பியில் இடி விழுந்தால் பெரும்பாலும் ஒரு நொடிக்குள் தானாக மின்சாரம் திரும்பிவிடும். கேபிள் பழுது அப்படியல்ல. இடத்தைக் கண்டுபிடித்து, தோண்டி, தூசி புகாத கூடாரம் போட்டு, புது இணைப்புப் போட வேண்டும். ஓர் உருளையில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் கேபிள்தான் வரும். அப்படியென்றால் 700 கிலோமீட்டருக்கு எத்தனை ஜாயின்ட் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். கேபிளின் பலவீனம் அந்த இடங்களில்தான். ஒரு ஜாயின்ட் போட நாட்கணக்கில் ஆகும். அதைச் செய்யத் தெரிந்த கைகள் குறைவு, பழக ஆண்டுகள் பிடிக்கும். கேபிளுக்கு ஆர்டர் கொடுக்கும் அதே நாளில் அவர்களுக்கான பயிற்சியையும் தொடங்கிவிட வேண்டும்.