நின்றுபோன பாசி

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். ஓவியக் கல்லூரி மாணவர்கள் சிலரும் வந்திருந்தார்கள்.)

எல்லாருக்கும் வணக்கம். அழைப்பிதழில் 'இலக்கியமும் தாவரக் கலையும்' என்று பெரிய தலைப்பாகப் போட்டுவிட்டார்கள். அவ்வளவுக்கு நான் ஆள் இல்லை. பாசியைப் பற்றி மட்டும் பேசுகிறேன். குளத்துப் படியில் வழுக்கிவிடுமே, அந்தப் பாசி அல்ல. பெரிய அலுவலகங்களின் வரவேற்பறைச் சுவரில் பச்சைப்பசேலென்று ஒட்டியிருக்குமே, அது. தண்ணீர் ஊற்ற வேண்டாம், வெயில் வேண்டாம், கத்தரிக்க வேண்டாம் என்று சொல்லித்தான் விற்பார்கள். ஏன் வேண்டாம் என்றால், அது செத்துப் பல மாதம் ஆகியிருக்கும்.

மட்டம் தட்டுவதற்காகச் சொல்லவில்லை. செய்முறையைக் கேட்டால் உங்களுக்கே புரியும். பாசிக்கு உண்மையான வேர் கிடையாது. இலை பெரும்பாலும் ஒரே ஒரு செல் தடிமன்தான். மேலே படுகிற தண்ணீரை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். காய்ந்தால் சுருண்டு கிடக்கும், மழை பெய்தால் எழுந்துகொள்ளும். அந்தக் குணத்தைத்தான் பதப்படுத்துகிறவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். கிளிசரின் கலந்த நீரில் அதை ஊறவைக்கிறார்கள். கிளிசரின் லேசில் ஆவியாகாது. செல்லுக்குள் தண்ணீர் இருந்த இடத்தில் அது போய் உட்கார்ந்துவிடும். அப்புறம் பாசி நொறுங்காது. தொட்டால் மெத்தென்று இருக்கும். உயிர் மட்டும் இருக்காது. பச்சையும் நிற்காது, அதற்குச் சாயம் ஏற்றுகிறார்கள். நாம் வியந்து பார்க்கிற அந்தப் பச்சை, சாயப் பச்சை.

சுவர்களில் அதிகம் பார்க்கிற பஞ்சு போன்ற வகைக்கு 'ரெயின்டீர் மாஸ்' என்று பெயர். அது பாசியே இல்லை. பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து வாழ்கிற லைக்கன். நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் பட்டை, கிராம்போடு கிடக்கிற கல்பாசியும் லைக்கன்தான். அந்தக் குடும்பத்தை நாம் குழம்பில் போட்டு ருசித்துக்கொண்டிருக்கிறோம்! ரெயின்டீர் மாஸ் ஸ்காண்டிநேவிய நாடுகளில் காட்டுத் தரையில் வளர்வது. குளிர்காலத்தில் துருவ மான்களுக்கு அதுதான் முக்கியத் தீவனம். ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். ஒரு கை நிறைய அள்ளினால், பல ஆண்டுகளை அள்ளியதாகக் கணக்கு.

சரி, இலக்கியத்துக்கு வருவோம். கவிஞர்கள் பாசியை எதற்குக் கூப்பிட்டார்கள்? பெரும்பாலும் காலத்தைக் காட்டுவதற்கு. 10-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஜப்பானில் தொகுக்கப்பட்ட கொகின்ஷூ என்ற கவிதை நூலில், பெயர் தெரியாத ஒருவர் எழுதிய வாழ்த்துப் பாட்டு ஒன்று இருக்கிறது. கூழாங்கற்கள் பெரும்பாறையாகி, அந்தப் பாறையில் பாசி படரும்வரை நீ வாழ்க என்பது அதன் சாரம். இன்றைய ஜப்பானிய தேசிய கீதத்தின் வரிகள் அதிலிருந்து வந்தவைதான். பாறை ஆன பிறகும் நாள் முடியவில்லை, பாசியும் வர வேண்டும்!

இன்னொருவர், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆம்ஹெர்ஸ்ட் ஊரில் வாழ்ந்த எமிலி டிக்கின்சன். 1862 வாக்கில் எழுதிய ஒரு சின்னக் கவிதையில், அழகுக்காகச் செத்த ஒருவரும் உண்மைக்காகச் செத்த ஒருவரும் அடுத்தடுத்த கல்லறைகளில் கிடக்கிறார்கள். உறவுக்காரர்கள் ராத்திரியில் சந்தித்தாற்போல சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். எதுவரை? பாசி ஏறி வந்து அவர்கள் உதட்டைத் தொட்டு, கல்லில் வெட்டிய பெயர்களையும் மூடும்வரை. கவிதை அங்கே முடிகிறது. அழகு, உண்மை என்று பெரிய பேச்செல்லாம் பேசிவிட்டு, கடைசி வார்த்தையைப் பாசியிடம் கொடுத்துவிடுகிறார். எனக்கு இந்தத் துணிச்சல் ரொம்பப் பிடிக்கும்.

இப்போது சிக்கலைப் பாருங்கள். இந்தக் கவிதையைப் படித்து உருகிய ஒரு கலைஞர், பதப்படுத்திய பாசியை வாங்கி, பலகையில் கல்லறை போல அமைத்து, நடுவில் எழுத்துகள் பதித்து மாட்டுகிறார் என்று வையுங்கள். பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் கவிதையில் பாசிக்கு இருந்த வேலை ஊர்ந்து வருவது. இந்தப் பாசி ஒரு மில்லிமீட்டர்கூட நகராது. பெயரை அது மூடவே மூடாது. கவிதை எதை நம்பி நிற்கிறதோ அதைக் கிளிசரின் நிறுத்திவிட்டது. இலக்கியத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிற பாசிப் படைப்புகளில் பல என்னைப் பொறுத்தவரை இங்கேதான் அலங்காரமாக நின்றுவிடுகின்றன. செத்ததை உயிரோடு இருப்பதாகக் காட்டுவதிலேயே அவற்றின் திறமை செலவாகிவிடுகிறது.

டிக்கின்சனே செடிகளைப் பாடம் செய்தவர்தான். பள்ளிப் பெண்ணாக இருந்தபோது ஒரு ஹெர்பேரியம், அதாவது செடிகளை அழுத்தி உலர்த்தி ஒட்டிவைத்த ஏடு, தொகுத்தார். 1845-இல், பதினான்கு வயதில், தோழிக்கு எழுதிய கடிதத்தில் நீயும் ஒன்று செய், பெண்கள் அநேகமாக எல்லாரும் செய்கிறார்கள் என்று சொல்கிறார். 66 பக்கங்கள், 424 செடிகள். ஹார்வர்டின் ஹூட்டன் நூலகத்தில் இருக்கிறது. தொட்டால் உதிர்கிற நிலை என்பதால், ஆய்வாளர்களுக்கே பெரும்பாலும் படங்கள்தான். அந்தப் படங்கள் இணையத்தில் இருக்கின்றன; அவசியம் பாருங்கள்.

முதல் பக்கத்திலேயே மல்லிகை இனத்துச் செடி ஒன்று நம்மை வரவேற்கும். காம்பின் மேல் மெல்லிய காகிதப் பட்டை ஒட்டி, கீழே தன் கையெழுத்தில் லத்தீன் பெயரையும், செடிகளை வகைப்படுத்துகிற லின்னேயஸ் முறைப்படி வகுப்புக்கும் வரிசைக்கும் உரிய எண்களையும் எழுதியிருக்கிறார். எல்லாச் செடிக்கும் பெயர் இல்லை, சில பெயர்கள் தப்பு. ஆனால் பக்கத்தை அமைத்திருக்கிற விதத்தைப் பாருங்கள். தாவரவியல் ஒழுங்கில் வைக்கவில்லை. ஒரு பெரிய இலைக்கு எதிரே நூல் போன்ற காம்பு, நடுவில் நிறைய வெற்றிடம். பின்னாளில் கவிதை எழுதிய கை இங்கேயே தெரிகிறது என்று சொல்லத் தோன்றும். கொஞ்சம் மிகையாகவும் இருக்கலாம். இதே ஆள்தான் பிறகு ஒரு கவிதையில், காட்டில் ஒரு பூவைப் பறித்தால் கண்ணாடியோடு ஒரு பூதம் வந்து மகரந்தத் தாள்களை எண்ணி வகுப்பில் சேர்த்துவிடுகிறதே என்று கேலி செய்தார்.

ஹெர்பேரியம் பொய் சொல்வதில்லை. அந்தச் செடிகள் தட்டையாகி, பழுப்பேறி, செத்துவிட்டோம் என்று ஒப்புக்கொண்டு கிடக்கின்றன. பதப்படுத்திய பூக்களைத் தாமிரக் கம்பியில் கோத்துக் கூரையிலிருந்து தொங்கவிடுகிற பிரிட்டிஷ் கலைஞர் ரெபேக்கா லூயிஸ் லாவிடமும் இந்த நேர்மை உண்டு. 2017-இல் லண்டனில் இருக்கிற கியூ தாவரவியல் தோட்டத்தில் 3,75,000 பூக்களைத் தொங்கவிட்டார். எகிப்திய மன்னர் இரண்டாம் ராம்சேஸின் கல்லறையிலிருந்து வந்து கியூவில் இருக்கிற மாலைகள்தான் அதற்குத் தூண்டுதல்.

ஐஸ்லாந்து-டென்மார்க் கலைஞர் ஓலாஃபுர் எலியாசன் வேறு வழியில் போனார். 1994-இல் அவர் செய்த 'பாசிச் சுவர்' அதே ரெயின்டீர் லைக்கனைக் கம்பி வலையில் பின்னி ஒரு சுவர் முழுக்க நிரப்பியது. லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்திலும் 2019-இல் வைத்திருந்தார்கள். அங்கே சாயப் பூச்சு இல்லை. காயக் காய லைக்கன் சுருங்கி வெளிறும். ஈரம் பட்டால் உப்பி, நிறம் மாறி, மணக்க ஆரம்பிக்கும். அதற்கு இலக்கியத் தூண்டுதல் எதுவும் இருந்ததாக நான் சொல்ல வரவில்லை. ஆனால் டிக்கின்சனின் கவிதைக்கு அந்தச் சுவர் எந்தப் பாசிப் பலகையையும்விட நெருக்கமானது, ஏனென்றால் அது மாறிக்கொண்டே இருக்கிறது.

மாணவர்களுக்கு ஒரு யோசனை. பதப்படுத்திய பாசியை விற்கிறவர்கள், ஈரப்பதம் அதிகமுள்ள இடத்தில் வைக்காதீர்கள் என்பார்கள். கிளிசரின் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அளவுக்கு மேல் போனால் பாசி வியர்த்து, சாயத்தோடு வழிய ஆரம்பிக்கும். சென்னையில் ஏசியை நிறுத்திவிட்டு ஐப்பசியில் ஒரு வாரம் விட்டால் போதும். ஓர் அலுவலகச் சுவரில் நானே பார்த்திருக்கிறேன். நிறுவனத்தின் பெயர்ப்பலகை மேல் பச்சையாக இரண்டு கோடு இறங்கியிருந்தது, ஒருவர் ஸ்டூல் போட்டு ஏறித் துடைத்துக்கொண்டிருந்தார். டிக்கின்சனின் அந்தக் கவிதையை யாராவது பாசியில் செய்வதாக இருந்தால், பலகையை ஏசி இல்லாத அறையில் மாட்டுங்கள். பாசியை மேலேயும் பெயர்களைக் கீழேயும் வையுங்கள். துடைக்க வருகிறவரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள். கேள்வி இருந்தால் கேட்கலாம்.