150 நாள் தண்ணீர்

நேயர்களுக்கு வணக்கம்.

தண்டையார்பேட்டையில் மோட்டார் பம்ப் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். நைனா ஆரம்பித்த கடை. வாசலில் அவர் எழுதி மாட்டிய தகரப் பலகை ஒன்று உண்டு: "அட்வான்ஸ் கொடுத்தால்தான் மோட்டார் பிரிக்கப்படும்." வானொலியில் பேச அழைத்தபோது, கோடையில் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருள், அதாவது காயில், கருகாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்றுதான் கேட்பார்கள் என்று நினைத்தேன். "உங்களுக்குப் பிடித்த பொழுதுபோக்கைப் பற்றிப் பேசுங்கள்" என்றார்கள். சரி, கேட்டது அவர்கள். பழைய கம்ப்யூட்டர் கேம் ஒன்றைப் பற்றிப் பேசப்போகிறேன். நாற்பதை நெருங்குகிறவன் பேசுகிற பேச்சா என்று வீட்டில் சிரித்தார்கள். நீங்களும் சிரித்துக்கொள்ளலாம்.

கேமின் பெயர் ஃபால்அவுட். 1997 அக்டோபரில் வந்தது. அமெரிக்காவின் இன்டர்பிளே கம்பெனியில் டிம் கெய்ன் என்ற புரோகிராமர் முதலில் தனியாளாகத் தொடங்கி, அப்புறம் சின்னக் குழுவாகச் செய்து முடித்தது. அணுகுண்டு வெடித்த பிறகு வானிலிருந்து இறங்கும் கதிரியக்கத் தூசுக்குத்தான் ஆங்கிலத்தில் அந்தப் பெயர். எங்கள் பக்கம் மொட்டை மாடியில் வெள்ளை வேட்டி காயப்போட்டால், மாலையில் நிலக்கரித் தூசைத் தட்டிவிட்டுத்தான் மடிக்க வேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது. அதனால் வானத்திலிருந்து எது விழுந்தாலும் எங்களுக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை.

கதையைச் சொல்லிவிடுகிறேன். 2077 அக்டோபர் 23ஆம் தேதி உலகம் முழுக்க அணுகுண்டுப் போர். ஒரே நாளில் எல்லாம் முடிந்துவிடுகிறது. கலிஃபோர்னியா மலைக்கு அடியில் கட்டிய நிலவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவர்கள் பிழைக்கிறார்கள். நிலவறையின் எண் 13. எண்பது வருடத்துக்கும் மேல் கதவைத் திறக்காமலே பிள்ளை பெற்று வளர்க்கிறார்கள். 2161 டிசம்பரில் ஒரு சில்லு, அதாவது கம்ப்யூட்டர் சிப், பழுதாகிறது. தண்ணீரைச் சுத்தம் செய்து திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் இயந்திரத்தை ஓட்டுகிற சில்லு. மாற்றுச் சில்லு கிடையாது. இருக்கிற தண்ணீர் 150 நாளுக்கு வரும். கண்காணிப்பாளர் உங்களைக் கூப்பிட்டு, வெளியே போய் ஒரு சில்லு கொண்டு வா என்கிறார். கதவு திறக்கிறது, நீங்கள் வெளியே போனதும் மூடிக்கொள்கிறது. உங்களை வரவேற்பது குகையில் திரியும் எலிகள். தொடக்கத்தில் பேய் கிடையாது, அரக்கன் கிடையாது, ராஜகுமாரியும் கிடையாது. தண்ணீர் தீரப்போகிறது, அவ்வளவுதான் கதை.

நான் இதை முதலில் ஆடியது 2003இல். வறட்சியின் உச்சம். ஏரிகள் காய்ந்து, குழாயில் காற்று மட்டும் வந்த வருடம். தெருமுனைக் கறுப்பு டேங்கில் லாரி வந்து தண்ணீர் ஊற்றும்; குடங்கள் விடியற்காலையிலேயே வரிசையில் உட்கார்ந்திருக்கும். குடத்துக்குப் பக்கத்தில் ஆள் நிற்க வேண்டியதில்லை, குடமே ஆள். பச்சைக் குடம் யாருடையது, வாய் உடைந்த ஆரஞ்சுக் குடம் யாருடையது என்று தெரு முழுக்கத் தெரியும். அந்த வருடம் கடையிலும் வேலை குறைவு. தண்ணீர் இல்லாத கிணற்றில் மோட்டார் ஓட்டுகிறவர் யார்? ஓட்டியவர்கள் காயில் கருகிக் கொண்டுவந்தார்கள், அதுதான் வருமானம்.

ரிச்சி தெருவில் பழைய சாமான்களைப் பொறுக்கிச் சேர்த்த பென்டியம் கம்ப்யூட்டர் ஒன்று வீட்டில் இருந்தது. சிடி, பர்மா பஜாரில் வாங்கியது. அது அசல் சிடியா என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். பின்னாளில் காசு கொடுத்து முறையாக வாங்கிவிட்டேன், கணக்கு நேர்.

ஆட்டம் தொடங்கும் முன் உங்கள் ஆளை நீங்களே செய்ய வேண்டும். பலம், கூர்நோக்கு, தாங்கும் சக்தி, பேச்சு வசீகரம், அறிவு, சுறுசுறுப்பு, அதிர்ஷ்டம் என்று ஏழு குணங்கள். ஒவ்வொன்றும் ஐந்தில் நிற்கும்; கையில் கூடுதலாக ஐந்து புள்ளி. ஒன்றிலிருந்து பத்து வரை ஏற்றலாம், இறக்கலாம். ஒன்றை ஏற்ற வேண்டுமானால் இன்னொன்றிலிருந்துதான் எடுக்க வேண்டும். காகிதமும் பகடையுமாக ஆடும் வேறொரு ஆட்டத்தின் விதிகளை வைத்துத்தான் கேமை முதலில் கட்டினார்களாம். அந்த அனுமதி நடுவில் கைவிட்டுப் போகவே, அவசர அவசரமாக இந்த ஏழையும் உருவாக்கினார்கள். அவசரத்தில் செய்தது இவ்வளவு காலம் நிற்கிறது.

வடசென்னைப் பையன் என்ன செய்வான்? ஊரில் பாக்சிங் பார்த்து வளர்ந்தவன். பலத்தைப் பத்துக்கு ஏற்றினேன். சுறுசுறுப்பையும் ஏற்றப் புள்ளி போதவில்லை. அறிவை இரண்டுக்கு இறக்கினேன். சண்டைக்கு அறிவு எதற்கு?

வெளியே வந்து முதல் கிராமத்துக்குப் போனேன். ஊர்ப் பெரியவர் மரியாதையாக ஏதோ கேட்டார். பதில் சொல்லலாம் என்று பார்த்தால், என் ஆளின் வாயில் "ஆ", "ஊ" தவிர எதுவும் வரவில்லை. கேம் கெட்டுப்போய்விட்டது, சிடியில் கீறல் என்று நினைத்து பஜாருக்கே போய்ச் சண்டை போட்டேன். கடைக்காரர் அமைதியாகக் கேட்டார்: "அறிவு எவ்ளோ வச்சே?" இரண்டு என்றேன். கடையில் இருந்த எல்லோரும் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அறிவு நாலுக்குக் கீழே போனால் உங்கள் ஆளுக்குப் பேச வராது. ஊரும் அவனை அப்படித்தான் நடத்தும், பல வேலைகளை நம்பிக் கொடுக்காது. அப்போது ஆங்கிலத்தில் என் நிலைமையும் ஏறக்குறைய அதுதான். அறிவைக் கூட்டிப் புது ஆள் ஒன்று செய்து, லிஃப்கோ அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பேச்சையும் எழுத்துக் கூட்டிப் படித்து ஆடினேன். பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்ததைவிட அந்தக் கேமில் கற்ற ஆங்கிலம் அதிகம். வாத்தியார்கள் மன்னிக்க வேண்டும்.

சண்டை, கேரம் மாதிரி. உங்கள் முறை வரும்போது நீங்கள், அவன் முறையில் அவன். தரை முழுக்க தேன்கூடு போல அறுகோணக் கட்டங்கள். ஒவ்வொரு முறையும் செலவழிக்கச் சில புள்ளி கிடைக்கும்: ஒரு கட்டம் நகர ஒரு புள்ளி, சுட இத்தனை புள்ளி. கண்ணைப் பார்த்துச் சுடலாம், காலைப் பார்த்துச் சுடலாம். படுமா படாதா என்று சதவீதம் காட்டும். அது 95க்கு மேல் ஏறவே ஏறாது. எவ்வளவு பக்கத்தில் நின்று, எவ்வளவு நல்ல துப்பாக்கியால் சுட்டாலும் அந்த ஐந்து சதவீதம் மிச்சம் இருக்கும். "நாளைக்குக் காலையில லாரி கண்டிப்பா வரும்" என்று சொல்லிவிட்டுப் போவார்களே, அதே ஐந்து.

அப்புறம் மின்வெட்டு. யுபிஎஸ் வாங்க வசதியில்லை. பத்து இடத்தில் ஆட்டத்தைச் சேமித்து வைக்கலாம். நான் கதவைத் திறக்கும் முன் ஒரு முறை, திறந்த பின் ஒரு முறை சேமிப்பேன்.

முதலில் 15ஆம் எண் நிலவறைக்குப் போகச் சொல்வார்கள். நாள்கணக்கில் பாலைவனத்தில் நடந்து போய்ச் சேர்ந்தால், லிஃப்ட் இல்லாத வெறும் குழி. இறங்கக் கயிறு வேண்டும். என்னிடம் இல்லை. பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா, "கிணத்துக்குப் போறவன் கயிறு எடுக்காமயா போவான்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். திரும்பி வந்து கயிறு தேடி, மறுபடி போய் இறங்கினால் கட்டுப்பாட்டு அறையே பாறைக்கு அடியில். சில்லு இல்லை. இதற்குள் எத்தனை நாள் தண்ணீர் போனது என்று கையில் கட்டியிருக்கும் கருவி காட்டிக்கொண்டே இருக்கும். வேறு கேமில் கடிகாரம் ஓடினால் எரிச்சல் வரும். எனக்கு இதில் வரவில்லை. வீட்டிலும் அதே கணக்குத்தானே: டிரம்மில் எத்தனை விரற்கடை இருக்கிறது, சோறு வடிக்கப் போதுமா, குளியல் நாளைக்கா.

அந்த உலகத்தில் ரூபாய், டாலர் எதுவும் செல்லாது. சோடா பாட்டில் மூடிதான் காசு. கேட்டால் தமாஷாக இருக்கும். ஹப் என்ற ஊர் வியாபாரிகள் அந்த மூடிக்குப் பொறுப்பேற்கிறார்கள். அதே வரிசையில் 2010இல் வந்த நியூ வேகாஸ் கேமைச் செய்தவர்கள் இதைப் பச்சையாகச் சொல்லியிருக்கிறார்கள்: மூடிக்குப் பின்னால் இருக்கும் உத்தரவாதம் தங்கம் இல்லை, தண்ணீர். ஐந்து ரூபாய்க்கும் குடத்துக்கும் நடுவில் உள்ள உறவைத் தெருவில் பார்த்தவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஹப்பில் தண்ணீர் வியாபாரிகளும் உண்டு. பெரிய தொகை கொடுத்தால் உங்கள் நிலவறைக்குத் தண்ணீர் வண்டி அனுப்புவார்கள்; கையில் இன்னும் 100 நாள் கூடும். ஆனால் வண்டி போன தடம் எதிரிகளுக்கும் வழி காட்டிவிடும். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்ததே, டிவியில் அதைப் பார்த்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த வண்டிதான். மாலை போட்டு வரவேற்ற ரயிலைப் பார்த்து இப்படியா நினைப்பது என்று மனைவி கேட்டாள்.

இனி நான் சொல்ல வந்த இடம்.

சில்லு இருப்பது நெக்ரோபொலிஸ் என்ற பாழ் நகரத்தில். கதிரியக்கத்தில் தோல் வெந்து, ஆனால் சாகாமல் நெடுங்காலம் வாழ்கிற மனிதர்கள் அங்கே இருக்கிறார்கள். கேம் அவர்களை கூல்கள் என்கிறது. ஊருக்கு அடியில் ஒரு நிலவறை, அதில் நல்ல சில்லு. சாக்கடை வழியாகப் போய், அதைக் கண்டுபிடித்து, கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். நாற்பது நாள் மிச்சம். எனக்கு ஒரே குஷி. நைனா அன்றைக்கு வேலையில்லாமல் என் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்த எட்துட்டியே, இவங்களுக்குத் தண்ணி?"

"தெரியல நைனா. நம்ம ஆளுங்களுக்கு வேணும்ல?"

"மேல ஒரு பம்ப் இருந்துச்சே, ஓடாம. அது இன்னா ஆச்சு?"

எனக்குத் திரையில் ஒரு துருப்பிடித்த சாமான் மாதிரித்தான் அது தெரிந்திருந்தது. சுற்றிலும் பூதம் போன்ற காவலாளிகள் நின்றதால் அவர்களைத்தான் பார்த்தேன். அவர் கண்ணுக்குப் பம்ப் தெரிந்தது. அகராதியை எடுத்து, சாக்கடையில் வாழும் கூல்கள் முன்பு சொன்னதைத் திரும்பப் படித்தேன். மேலே இருக்கும் பம்பைச் சரி செய்துவிட்டால் அவர்களுக்கு அதில் தண்ணீர் வரும், அப்புறம் நான் சில்லை எடுத்துக்கொள்ளலாம். இதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். நான் "சில்லு" என்ற வார்த்தையோடு படிப்பதை நிறுத்தியிருந்தேன்.

"பம்ப சரி பண்ணிக் குட்துட்டு அப்பால எடு" என்றார்.

பழைய சேமிப்புக்குப் போனேன். சாக்கடைக்குள் உதிரி சாமான் கிடக்கிறது, எடுத்தேன். பம்பில் வைத்தேன். முடியவில்லை. மறுபடி, முடியவில்லை. என் ஆள் துப்பாக்கியில் கெட்டிக்காரன், பூட்டுத் திறப்பதில் கெட்டிக்காரன், ரிப்பேர் மட்டும் ஒன்றும் தெரியாது. மெக்கானிக் மகன் செய்த ஆள்! நைனா எதுவும் சொல்லவில்லை. பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு வெளியே போனார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

ஹப்பில் ரிப்பேர் கற்றுத்தரும் புத்தகம் கிடைக்கும். நாற்பது நாளில் போகவர ஆகும் நாளைக் கழித்து, புத்தகம் படிக்க ஆகும் நேரத்தையும் கழித்துப் பார்த்தால் இழுத்துப் பிடித்துப் போதும். போனேன், மூடிகளை எண்ணிக் கொடுத்து வாங்கினேன், படித்தேன், திரும்பினேன். மூன்றாவது முயற்சியில் பம்ப் ஓடியது. திரையில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கீழே சின்னக் கட்டத்தில் ஒரு வரி வந்தது, அவ்வளவுதான். நான் சத்தம் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்கா, லாரி வந்துவிட்டது என்று குடத்தோடு வெளியே ஓடினார்.

அடுத்த வாரமே நைனாவோடு கடையில் உட்கார ஆரம்பித்தேன். கேம்தான் காரணமா என்று கேட்டால், கல்லூரிக்குப் பணம் கட்ட முடியாததும் காரணம். ஆனால் அந்த ஆளின் ரிப்பேர் சதவீதம் எனக்கு உறுத்தியது உண்மை.

சில்லைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் கண்காணிப்பாளர் இன்னொரு வேலை கொடுப்பார். மனிதர்களை எல்லாம் பூதங்களாக மாற்றத் துடிக்கும் தலைவன் ஒருவன் இருக்கிறான், அவனை நிறுத்த வேண்டும். சுட்டும் நிறுத்தலாம், பேசியும் நிறுத்தலாம். அவன் உருவாக்கும் இனத்துக்குப் பிள்ளை பிறக்காது என்ற ஆய்வுக் குறிப்பைக் கொண்டுபோய் எதிரில் வைத்தால், தன் திட்டம் பாழ் என்று புரிந்து தானே தன்னை முடித்துக்கொள்வான். கடைசி எதிரியை ஒரு தோட்டாவும் சுடாமல், ஆதாரம் காட்டி ஜெயிக்கிற கேம் எத்தனை இருக்கிறது? இதற்கெல்லாம் அறிவு இரண்டு போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கேமின் உரிமை 2007இல் பெதஸ்டா கம்பெனிக்குப் போனது. அப்புறம் வந்தவை எல்லாம் பளபளப்பு. 2024இல் டிவித் தொடராகவும் வந்துவிட்டது. நான் ஒன்றிரண்டு ஆடினேன், மனம் ஒட்டவில்லை. ஆர்வலர்கள் எழுதிய புது மென்பொருளில் பழைய கேமையே போனில் போட்டு, கடையில் ஆள் வராத மத்தியானங்களில் ஆடுகிறேன்.

முடிவைச் சொல்லாமல் போனால் அடிக்க வருவீர்கள். எல்லா வேலையும் முடித்து, உலகத்தைக் காப்பாற்றி, நிலவறை வாசலுக்குத் திரும்புகிறீர்கள். கண்காணிப்பாளர் வெளியே வந்து நிற்கிறார். நீ பெரிய வீரன், ஆனால் உன்னைப் பார்த்து மற்றவர்களும் வெளியே கிளம்பிவிடுவார்கள், அதனால் நீ உள்ளே வரக்கூடாது, போய்விடு என்கிறார். கதவு மூடுகிறது. உங்கள் ஆள் தலையைக் குனிந்துகொண்டு பாலைவனத்தில் நடந்து போகிறான்.

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நைனா கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார்.

"கூலி குட்தானா?"

"இல்ல நைனா."

"அட்வான்ஸ் வாங்கினியா?"

"இல்ல."

அவர் எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார்.

வணக்கம்.