கணக்கெடுப்பவர்களுக்கு யார் சம்பளம் தருவது?

நேயர்களுக்கு வணக்கம். மக்களின் வாழ்க்கை எப்படி மேம்படுகிறது என்று ஆராயும் வளர்ச்சி ஆய்வுக்கு வேண்டிய பணம் ஆசிய நாடுகளுக்கு எங்கிருந்து வருகிறது, வந்து என்ன செய்கிறது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். பெரிய தலைப்பு. கிடைத்திருக்கும் சில நிமிடங்களில் ஆசியா முழுவதையும் சுற்றிவர முடியாது. அதனால் வங்காளதேசத்தில் ஓர் ஊரில் கொஞ்சம் அதிக நேரம் நின்றுவிட்டு மற்ற இடங்களுக்குப் போகலாம் என்று நினைக்கிறேன்.

ஊரின் பெயர் மத்லப். டாக்காவுக்குத் தென்கிழக்கே சுமார் 55 கிலோமீட்டர், மேக்னா ஆற்றுப் பக்கம். மழைக்காலத்தில் பல கிராமங்களுக்குப் படகில்தான் போக வேண்டும். அங்கே 1966 முதல் இன்றுவரை பணியாளர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். யார் பிறந்தார், யார் இறந்தார், யாருக்குக் கல்யாணம் ஆனது, யார் ஊரைவிட்டுப் போனார் என்று கேட்டுப் பதிகிறார்கள். இரண்டு லட்சத்துக்கும் அதிகமான மக்களின் வாழ்க்கை அந்தப் பதிவேட்டில் இருக்கிறது. ஏழை நாடுகளில் இவ்வளவு நீண்ட காலம் விடாமல் நடந்த கணக்கெடுப்புகள் மிகவும் குறைவு.

இது தொடங்கிய கதை சுவையானது. 1960இல் டாக்காவில் ஒரு காலரா ஆய்வுக்கூடம் திறந்தார்கள். அப்போது அது கிழக்கு பாகிஸ்தான். பணம் பெரும்பாலும் அமெரிக்காவினுடையது, வந்த வழி சீட்டோ என்ற ராணுவக் கூட்டணி. பனிப்போர்க் காலம் அல்லவா? ஏழை மக்கள் மீதான அக்கறையோடு, தென்கிழக்கு ஆசியாவுக்கு அனுப்பும் தங்கள் சிப்பாய்களுக்குக் காலரா தொற்றிவிடுமோ என்ற பயமும் அந்தப் பணத்தில் கலந்திருந்தது. மத்லப்பில் காலரா தடுப்பூசியைச் சோதித்துப் பார்த்தார்கள். யாருக்கு ஊசி போட்டோம், யார் பிழைத்தார் என்று தெரிய வேண்டுமே, அதற்காகத்தான் ஆள் கணக்கு எடுக்கத் தொடங்கினார்கள்.

அந்த ஊசி பெரிதாகப் பலன் தரவில்லை. கொஞ்ச காலமே பாதுகாப்புக் கொடுத்தது. கணக்குப்படி பார்த்தால் தோல்வி, அதோடு மூட்டை கட்டியிருக்கலாம். ஆனால் கட்டவில்லை. 1977இல் அதே பகுதியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் பெண் சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கே போய்க் குடும்பக் கட்டுப்பாட்டுச் சேவையும், பின்னாளில் தாய் சேய் நலச் சேவைகளும் கொடுத்தார்கள். மறுபாதியில் வழக்கமான அரசுச் சேவை மட்டும். சேவை போன பாதியில் பிள்ளைப்பேறு வேகமாகக் குறைந்தது. இருபது ஆண்டுகள் கழித்துப் பொருளியலாளர்கள் போய்ப் பார்த்தபோது, அந்தப் பெண்களின் உடல்நிலையும் வீட்டுச் சொத்து நிலையும்கூட மறுபாதியைவிட மேலாக இருந்தது தெரிந்தது. 1966இல் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு படகில் ஏறிய எவரும் இதைக் கண்டுபிடிப்போம் என்று எந்த விண்ணப்பத்திலும் எழுதியிருக்க முடியாது.

சரி, இன்று ஓர் ஆய்வாளர் பணம் கேட்டுப் போனால் என்ன கிடைக்கும்? மூன்று வருட ப்ராஜெக்ட். முதல் வருடம் ஆள் எடுக்கவும் அனுமதி வாங்கவும் போய்விடும். மூன்றாம் வருடம் அறிக்கை எழுதவும் அடுத்த ப்ராஜெக்டுக்கு விண்ணப்பிக்கவும் சரியாக இருக்கும். இடையில் இருக்கும் வருடத்தில்தான் ஆய்வு. நிறுவனத்தின் வாடகை, மின்கட்டணம், கணக்காளர் சம்பளம் இவற்றுக்கெல்லாம் ஓவர்ஹெட் என்று ஒரு சிறு சதவீதம் ஒதுக்குவார்கள், அதையும் பேரம் பேசுவார்கள். பதிவேட்டை ஐம்பது வருடம் எழுதிக்கொண்டே இருப்பதற்கு யாரும் தன் பெயர்ப் பலகையை மாட்ட விரும்புவதில்லை.

மத்லப் பதிவேட்டை நடத்தும் அந்த டாக்கா காலரா ஆய்வுக்கூடம் 1978இல் வங்காளதேச அரசின் சட்டத்தால் சர்வதேச மையமாக மாறியது. வங்காளதேசம், கனடா, சுவீடன், பிரிட்டன் போன்ற நாடுகள் இன்ன வேலைக்கு என்று கட்டாமல் பொதுவாகக் கொடுத்த பணம் அதற்கு முதுகெலும்பாக இருந்தது. இருந்தும் ப்ராஜெக்ட் பணத்தின் பங்கு பெரிது. 2025 தொடக்கத்தில் அமெரிக்க உதவி நின்றபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட பணியாளர்களுக்கு வேலை போனது. அதே சமயத்தில், 1984 முதல் சுமார் 90 நாடுகளில் குடும்ப நலக் கணக்கெடுப்புக்கு அமெரிக்கா கொடுத்துவந்த ஆதரவும் நின்றது. நேபாளத்திலோ கம்போடியாவிலோ எத்தனை குழந்தைகள் ஐந்து வயதுக்கு முன் இறக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அந்தக் கணக்கைத்தான் உலகமே புரட்டும். வாஷிங்டனில் ஒருவர் கையெழுத்துப் போட்டால் நம் பக்கத்து நாட்டில் குழந்தைகளை எண்ணும் வேலை நின்றுபோகும் என்றால், அந்த ஏற்பாட்டைக் கட்டியவர்கள்மீது மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நாற்பது வருடமாக அதைச் சொந்தப் பணத்தில் நடத்த நினைக்காத அரசுகளுக்கும் பங்கு உண்டு.

வேறு வழி தெரியாமல் இல்லை. ஐடிஆர்சி என்ற கனடா அரசின் ஆய்வு நிதி அமைப்பு 2008 முதல் 2019 வரை ஒரு திட்டம் நடத்தியது. தெற்காசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்காவில் இருந்த கொள்கை ஆய்வு நிறுவனங்களுக்கு, தலைப்பு எதுவும் சொல்லாமல், பல ஆண்டுகளுக்குப் பணம் கொடுத்தார்கள். கொழும்பில் இருக்கும் கொள்கை ஆய்வு நிறுவனமும் அதில் பயன்பெற்றது. பிலிப்பைன்ஸில் 1977இல் அரசு வளர்ச்சி ஆய்வு நிறுவனம் ஒன்றை அமைத்தபோதே கூடவே ஒரு வைப்பு நிதியும் வைத்தது. நம் சென்னையிலும் ஓர் உதாரணம் உண்டு. யுனெஸ்கோவில் பெரிய பதவியிலிருந்து திரும்பிய மால்கம் ஆதிசேஷையாவும் அவர் மனைவி எலிசபெத்தும் 1971இல் தொடங்கியதுதான் அடையாறு காந்தி நகரில் இருக்கும் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம். 1977க்குப் பிறகு மத்திய சமூக அறிவியல் ஆய்வு மன்றமும் மாநில அரசும் அதைத் தாங்குகின்றன. பொதுவாகவே அரசு மானியம் என்பது சம்பளத்துக்குப் போனது போக அதிகம் மிஞ்சாது, ஆனாலும் கதவு திறந்திருக்கிறது. அதுவே பெரிய விஷயம்தான்.

அப்புறம் தென்கொரியா. 1971இல் அமெரிக்க உதவியோடு அங்கே வளர்ச்சி ஆய்வு நிறுவனம் வந்தது. வெளிநாட்டில் படித்த கொரியப் பொருளியலாளர்களை நல்ல சம்பளம் கொடுத்துத் திரும்ப அழைத்தார்கள். சீக்கிரமே அரசு தன் பணத்தில் நடத்தத் தொடங்கியது. 2004 முதல் மற்ற நாடுகளுக்கு வளர்ச்சி ஆலோசனை கொடுக்கும் ஒரு திட்டத்தையும் கொரியா ஆரம்பித்துவிட்டது. உஸ்பெகிஸ்தானுக்கும் வியட்நாமுக்கும் முதலில் போனார்கள். ஆனால் அந்தத் திட்டத்தின் சாரம் என்னவென்றால், கொரியா எப்படி வளர்ந்தது என்று மற்றவர்களுக்குச் சொல்வது. வாங்கியவர் கொடுப்பவராக மாறியதும் கேள்வித்தாளும் அவர் கைக்குப் போய்விட்டது.

இந்தியா, கொரியா, ஜப்பான், சீனா என்று இன்று ஆசியாவிலேயே கொடுக்கக்கூடியவர்கள் இருக்கிறார்கள். மணிலாவில் ஆசிய வளர்ச்சி வங்கி 1966 முதல் இருக்கிறது, மத்லப் பதிவேட்டுக்கும் அதற்கும் ஒரே வயது. சாலைக்கும் மின்நிலையத்துக்கும் இருபது, முப்பது வருடக் கணக்கில் கடன் கொடுக்கத் தெரிந்தவர்கள் இவர்கள். ஒரு மாவட்டத்தில் பிறப்பையும் இறப்பையும் எழுதும் வேலைக்கும் அதே காலக்கெடு கொடுங்கள், தலைப்பை அந்த ஊர் ஆய்வாளர்களிடம் விடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. செலவு என்று பார்த்தால் ஒரு மேம்பாலத்துக்கு முன் அது ஒன்றுமே இல்லை.

நன்றி, வணக்கம்.