பத்தியைப் பத்திக் கொஞ்சம் பேசுவோமா?

வணக்கங்க. இன்னைக்கு பத்தியைப் பத்திப் பேசப்போறோம். சிரிச்சாச்சா? சரி, வேலைக்கு வருவோம்.

முதல்ல பேனாவைக் கீழ வெச்சிடுங்க. இந்தப் பத்தியில என்ன சொல்லப் போறீங்க? ஒரே வாக்கியத்துல வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க. 'தொட்டிச் செடிக்குத் தண்ணீர்'னு வந்தா அது தலைப்பு. வினைச்சொல்லே இல்ல பாருங்க. 'தொட்டிச் செடி தண்ணீர் அதிகமானாலும் செத்துப்போகும்', இது கருத்து. கேட்டதும் 'அதெப்படி?'ன்னு மனசுல ஒரு கேள்வி வருது இல்லையா? அந்தக் கேள்விக்குப் பதில்தான் மிச்சப் பத்தி. கேள்வியே எழலைன்னா, எழுத இன்னும் நேரம் வரலைன்னு அர்த்தம்.

இப்போ திரையில ஒரு பத்தி வருது, படிங்க.

"செடிகள் வீட்டுக்கு அழகு தருகின்றன. தொட்டிச் செடிக்கு அதிகம் தண்ணீர் ஊற்றக் கூடாது. வெயிலும் முக்கியம். மேலும், உரம் இட வேண்டும். வேர் அழுகிவிடும்."

அஞ்சு வாக்கியம், ஒண்ணுலயும் இலக்கணப் பிழை இல்ல. ஆனா வேர் எதனால அழுகுது? உரத்தாலயா? படிக்கிறவர் அப்படித்தான் நினைப்பார், ஏன்னா அதுக்கு முன்னாடி நிக்கிறது உரம். இன்னொரு சோதனை: நடுவுல இருக்கிற மூணு வாக்கியத்தையும் முன்னப்பின்ன மாத்திப் போடுங்க. எதுவும் இடம் மாறின மாதிரியே தெரியாது. அப்படி மாத்த முடிஞ்சா அது பட்டியல், பத்தி இல்ல. அந்த 'மேலும்' இருக்கே, அது சும்மா பசை. ஒட்டும், ஆனா ஏன் ஒட்டுதுன்னு சொல்லாது.

அதே விஷயத்தை இப்போ பாருங்க.

"தொட்டிச் செடி தண்ணீர் அதிகமானாலும் செத்துப்போகும். மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் காற்றைக் கொண்டுதான் வேர் சுவாசிக்கிறது. அந்த இடைவெளியில் தண்ணீர் தேங்கினால் காற்று வெளியேறிவிடும். காற்றில்லாத வேர் அழுகத் தொடங்கும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. ஆகவே ஈரமான மண்ணிலேயே இலை வாடும். வாடிய இலையைப் பார்த்து இன்னும் தண்ணீர் ஊற்றுவதுதான் பலரும் செய்யும் தவறு. ஊற்றும் முன் மண்ணில் விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் ஊற்ற வேண்டாம்."

கவனிச்சீங்களா? 'அழுகத் தொடங்கும்'னு முடியுது, 'அழுகிய வேரால்'னு அடுத்தது தொடங்குது. 'இலை வாடும்', உடனே 'வாடிய இலை'. நம்ம அந்தாதி இருக்கே, அதே உத்திதான். தெரிஞ்சதைப் பிடிச்சுக்கிட்டு புதுசுக்குப் போறோம். அதனால இணைப்புச் சொல் ஒரே ஒரு 'ஆகவே' போதுமாயிடுச்சு. எல்லா வாக்கியத்துலயும் இப்படிச் செஞ்சா பாட்டு மாதிரி ஆயிடும், அளவா வைங்க.

தமிழ்ல குறிப்பா சறுக்குற இடம் ரெண்டு. எழுவாயை விட்டுட்டு எழுத நம்ம மொழி இடம் கொடுக்கும். ஆனா நடுவுல ஆள் மாறினா யார் செஞ்சதுன்னு குழம்பும். மாறுற இடத்துல பேரைத் திரும்பச் சொல்லிடுங்க. 'இது', 'அது'வும் அப்படித்தான். 'இதனால்'னு எழுதினா எதனாலன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. ரெண்டாவது, வினையெச்சச் சங்கிலி. 'போய், பார்த்து, கேட்டு, எழுதி, அனுப்பி'ன்னு நீட்டினா, முடிக்கிற வினை வர்ற வரைக்கும் படிக்கிறவர் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். மூணாவது எச்சம் வந்தாலே வாக்கியத்தை உடைச்சுடுங்க.

நீளம்? அஞ்சுல இருந்து எட்டு வாக்கியம் பொதுவா சரியா வரும். இது சட்டம் இல்ல, கருத்து முடிஞ்சா மூணுலயே நிறுத்தலாம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் என்டர் தட்டுற பழக்கம் மட்டும் வேண்டாங்க, எது எதோட சேரும்னே தெரியாமப் போகுது. காலம், இடம், ஆள், இல்ல பார்க்கிற கோணம் மாறினா புதுப் பத்தி. ரெண்டாவது 'ஆனால்' வந்தாலும் உஷாரா இருங்க, அங்க இன்னொரு பத்தி ஒளிஞ்சிருக்கலாம்.

கடைசி வாக்கியத்துல 'இவ்வாறாக'ன்னு ஆரம்பிச்சு முதல் வாக்கியத்தையே திருப்பிச் சொல்றதை அடிச்சிடுங்க. செடிப் பத்தி எப்படி முடியுது? விரலை விட்டுப் பாருங்க, ஈரம் தட்டினா ஊத்த வேண்டாம்னு. படிக்கிறவர் கையில ஒரு வேலை கிடைச்சுது.

முழுக் கட்டுரையும் எழுதி முடிச்சதும், ஒவ்வொரு பத்தியோட முதல் வாக்கியத்தை மட்டும் வரிசையா சத்தமா படிங்க. எங்க தாவுற மாதிரி இருக்கோ, அங்க ஒரு பத்தி விட்டுப்போயிருக்கு.