ரேம் விலை பார்த்துக் கொதித்துப்போனேன்: அக்கா வீட்டு கேமராவுக்கு மினி பிசி, டிஸ்க் வாங்கிய கதை

வணக்கம் மக்களே. ரேம் விலையைச் சமீபத்தில் யாராவது பார்த்தீர்களா? எனக்கு வயிறு எரிகிறது. பழைய பில்லை எடுத்துப் பார்க்கிறேன், அதே 16 ஜிபி ரேம் இப்போது இரண்டு மடங்குக்கும் மேலே. 2025 கடைசியிலிருந்து இந்தக் கூத்துதான், மெமரி சிப் எல்லாம் ஏஐ டேட்டா சென்டர் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. மெமரி சிப் செய்கிற மைக்ரான் கம்பெனி 2025 டிசம்பரில், கடைகளில் ரேமும் எஸ்எஸ்டியும் விற்ற தன் குருசியல் பிராண்டையே மூடுகிறோம் என்று அறிவித்துவிட்டது. நம்மைப் போலக் கடையில் ஒன்று இரண்டு வாங்குகிறவனை இவர்கள் ஆளாகவே மதிக்கவில்லை.

சரி, இதை ஏன் சொல்கிறேன் என்றால், அக்கா வீட்டுக்கு நாலு கேமரா மாட்டினேன் இல்லையா, அந்த வீடியோவுக்குக் கீழே "ரெக்கார்டிங் எதில் ஓடுது?" என்றுதான் பாதிப் பேர் கேட்டிருந்தீர்கள். கேட், கார் ஷெட், பின்வாசல், மாடிப்படி, இந்த நாலும். மாதச் சந்தா கேட்கிற கிளவுட் கேமராவை நான் தொடமாட்டேன் என்று பழைய ஆட்களுக்குத் தெரியும். நம் வீட்டு வாசல் படம் நம் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் ஒரு மினி பிசி, அதில் லினக்ஸ், அதற்கு மேலே ஃபிரிகேட். இலவச மென்பொருள், ஆள் வருகிறதா நாய் வருகிறதா என்று அதுவே பிரித்துச் சொல்லும்.

பிராசஸர் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை. இன்டெல் என்100 போதும். 2023-இல் வந்தது, நாலு கோர், 6 வாட் சிப். புதிதாக என்150 கிடைத்தால் அதுவும் சரி, வேகம் கொஞ்சம் கூட, அதற்காக ஆயிரக்கணக்கில் கூடக் கொடுக்காதீர்கள். இதில் இருக்கும் கிராபிக்ஸ் பகுதி சுருக்கி வருகிற கேமரா வீடியோவைப் பிரித்துப் படமாக்கும் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும், ஆள் அடையாளம் காண்கிற வேலையையும் ஓப்பன்வினோ என்ற இன்டெல் மென்பொருள் வழியாக அதற்கே கொடுத்துவிடலாம். அந்த வேலைக்கென்று யூஎஸ்பியில் செருகுகிற கோரல் ஸ்டிக்கைத் தனியாக வாங்க வேண்டாம். "ராஸ்பெர்ரி பை 5 ஆகாதா?" என்று கேட்பவர்களுக்கு: அதில் ஹெச்.264 முறையில் சுருக்கிய வீடியோவைப் பிரிக்கும் ஹார்டுவேர் கிடையாது, ஹெச்.265-க்கு மட்டும்தான் இருக்கிறது. அதற்கு கேஸ், பவர், டிஸ்க் போர்டு என்று சேர்த்துக்கொண்டே போனால் மினி பிசி விலைக்கே வந்து நிற்கும்.

அத்தான் ஒரு யோசனை சொன்னார், பரணில் கிடக்கிற பழைய டெஸ்க்டாப்பைத் தட்டி எழுப்பினால் என்ன என்று. காசு மிச்சம்தானே? நான் பேப்பரில் போட்டுக் காட்டினேன். அந்த மாதிரிப் பழைய டெஸ்க்டாப் சும்மா ஓடினாலே 65 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், 24 மணி நேரம், 60 நாள், கிட்டத்தட்ட 94 யூனிட். அப்போது தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு வீடுகளுக்கு இலவசமே 100 யூனிட்தான்! மொத்த இலவசத்தையும் ஒரு பழைய பெட்டி தின்றுவிடும். மினி பிசியும் டிஸ்க்கும் சேர்ந்து 18 வாட் என்றால் 26 யூனிட்டில் முடிந்துவிடும். அத்தான் அதற்கப்புறம் டெஸ்க்டாப் பேச்சை எடுக்கவில்லை.

ரேமுக்கு வருகிறேன். என்100-க்கு ஒரே ஒரு மெமரி சேனல், இன்டெல் கணக்கில் அதிகபட்சம் 16 ஜிபி. நாலு கேமராவுக்கு 8 ஜிபி தாராளம். முன்பெல்லாம் வெறும் பெட்டியை வாங்கி ரேமையும் எஸ்எஸ்டியையும் நாமே போடுவதுதான் லாபம் என்று நானே பல வீடியோவில் சொல்லியிருக்கிறேன். இப்போதைய விலையில் அது தலைகீழ், உள்ளே ரேம் போட்டு வருகிற பெட்டியையே எடுங்கள். 32 ஜிபி என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள், அந்தக் காசு டிஸ்க்குக்குப் போகட்டும்.

ஆமாம், டிஸ்க். எனக்கு இன்றைக்குப் பேச வேண்டியதே இதுதான். பிராசஸரைப் பற்றி ஒரு மணி நேரம் விவாதிக்கிறவர்கள் டிஸ்க்கை மட்டும் கடைக்காரர் கொடுத்ததை வாங்கி வந்துவிடுகிறார்கள். கணக்குப் பாருங்கள். ஒரு கேமரா 4 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 4 மெகாபிட் அனுப்பினால், நொடிக்கு அரை எம்பி (மெகாபைட்). மணிக்கு 1.8 ஜிபி, ஒரு நாளுக்கு 43 ஜிபி. நாலு கேமராவுக்கு 172 ஜிபி சொச்சம். வருடத்துக்கு 63 டிபி எழுதுகிறது! இப்போது சீகேட் பாரகூடா மாதிரி சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க்கின் தகவல் தாளை எடுத்துப் பாருங்கள், வருடத்துக்கு 55 டிபி வேலை, 2,400 மணி நேரம் ஓட்டம் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு வருடத்துக்கு எத்தனை மணி நேரம்? 8,760. இரண்டு கணக்கிலும் அது நம் வேலைக்குச் செய்யப்பட்ட பொருளே இல்லை. அது போதாதென்று 2 டிபி முதல் 8 டிபி வரை அந்த வரிசை எஸ்எம்ஆர் வகை. கூரையில் ஓடு வேய்ந்ததைப் போல ஒரு தடத்தின் மேல் இன்னொரு தடம் ஏறி நிற்கும், அதனால் நடுவில் ஒன்றை அழித்து எழுத வேண்டுமென்றால் பக்கத்துத் தடங்களையும் சேர்த்துத் திரும்ப எழுத வேண்டும். பழையதை அழித்துப் புதியதை எழுதுவதையே நாள் முழுக்கச் செய்கிற வேலைக்கு இதைக் கொடுத்தால் அது திணறாமல் என்ன செய்யும்?

அதனால் கேமராவுக்கென்றே வருகிற டிஸ்க்தான். வெஸ்டர்ன் டிஜிட்டல் பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக், இரண்டில் எது கிடைத்தாலும். நாள் முழுக்க ஓடுவதற்கும் வருடத்துக்கு 180 டிபி எழுதுவதற்கும் செய்தது, மூன்று வருட வாரண்டி. 4 டிபி எடுத்தால் நாலு கேமராவும் விடாமல் எழுதி 23 நாள் நிற்கும். அசைவு இருந்தால் மட்டும் ரெக்கார்டு செய் என்று வைக்கிற பழக்கம் எனக்குப் பிடிக்காது. சரியாக வேண்டிய அந்த அரை நிமிடம்தான் அதில் இருக்காது.

எஸ்எஸ்டியில் எழுதினால் தேய்ந்து செத்துவிடும் என்கிறார்களே, அது இவ்வளவு பயப்படுகிற விஷயம் இல்லை. சாம்சங் 870 ஈவோ 1 டிபிக்கு 600 டிபி எழுதலாம் என்று உத்தரவாதம் தருகிறார்கள், நம் கணக்கில் ஒன்பது வருடத்துக்கு மேல் வரும். அதே 1 டிபியில் கியூவிஓ வகைக்கு 360 டிபி, அதுவும் ஐந்தரை வருடம். பிரச்சினை இடம்தான். 1 டிபியில் ஆறு நாள்கூட நிற்காது. எல்லோரும் ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்து வந்து பார்த்தால் முதல் நாள் இருக்காதே? எஸ்எஸ்டி லினக்ஸுக்கு மட்டும் போதும், 256 ஜிபி.

இப்போது சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கதை. கடை பெயர் சொல்லமாட்டேன். டிஸ்க் வேண்டும் என்றதும் பளபளவென்று வெள்ளிக் கவரில் ஒன்றை எடுத்து வைத்தார், பெட்டி கிடையாது, "பாக்ஸ் பீஸ்னா ஐநூறு கூட ஆகும் தம்பி, உள்ளே சரக்கு ஒண்ணுதான்" என்றார். பில்லும் கேட்டால் கொடுப்பாராம். நான் காசை எடுக்கவில்லை. கவர் மேலேயே தெரிகிற சீரியல் நம்பரை போனில் அந்தக் கம்பெனியின் வாரண்டி பக்கத்தில் அடித்தேன். வாரண்டி முடிந்துவிட்டது என்று வருகிறது! புது டிஸ்க் என்று விற்கிறார், வாரண்டி ஏற்கெனவே முடிந்திருக்கிறது. போனைத் திருப்பிக் காட்டினேன். "சர்வர் பிரச்சினையா இருக்கும்" என்றார். சரி, இன்னொன்று கொடுங்கள், அதையும் பார்ப்போம் என்றேன். அதுவும் முடிந்தது. அதற்கப்புறம் அவர் என் முகத்தையே பார்க்கவில்லை. மூன்று கடை தள்ளி ஒருவர் பெட்டியோடு எடுத்தார், நம்பர் அடித்தேன், முழு மூன்று வருடமும் காட்டியது, பில்லில் சீரியல் நம்பரையும் எழுதிக் கொடுத்தார். அந்த ஐநூறு ரூபாயைச் சந்தோஷமாகக் கொடுத்தேன் மக்களே, இத்தனை திருப்தியாக நான் எந்தக் கடையிலும் காசு கொடுத்ததில்லை.

இது ஒரு தெருவின் பிரச்சினை மட்டும் இல்லை. 2025 ஜனவரியில் ஜெர்மனியில் ஹைஸே என்ற பத்திரிகை இதே மாதிரி ஒன்றை வெளியே கொண்டுவந்தது. பல வருடம் ஓடிய சீகேட் டிஸ்க்குகளின் ஓட்டக் கணக்கைப் பூஜ்ஜியமாக்கிப் புதியது என்று விற்றிருக்கிறார்கள். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே குறித்துவைக்கிற சாதாரண ஸ்மார்ட் கணக்கை மாற்றிவிட்டார்கள், டிஸ்க்குக்குள் ஃபார்ம் என்று இன்னொரு பதிவு இருப்பதைத் தொடவில்லை, அதை வைத்துத்தான் மாட்டினார்கள். சீகேட் வாங்கினால் ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற இலவச மென்பொருளின் 7.4 அல்லது அதற்குப் புதிய பதிப்பில் இரண்டு கணக்கையும் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள்.

அட, முக்கியமான ஒன்றைத் தாண்டி வந்துவிட்டேன். இந்த டிஸ்க் மூன்றரை அங்குலம், மினி பிசிக்குள் போகாது. உள்ளே இரண்டரை அங்குல இடம் இருக்கிறதே என்பீர்கள். அங்கே 7 மில்லிமீட்டர் தடிமன்தான் போகும், 4 டிபி, 5 டிபி இரண்டரை அங்குல டிஸ்க் எல்லாம் 15 மில்லிமீட்டர், தவிர அந்த அளவில் வருவது எஸ்எம்ஆர். அதனால் டிஸ்க்கைச் செருகி யூஎஸ்பி வழியாக இணைக்கிற டாக்கை வெளியே வைப்பதுதான் வழி. மூன்றரை அங்குலத்துக்கு 12 வோல்ட் வேண்டும், யூஎஸ்பியில் வருவது 5 வோல்ட், ஆகையால் டாக்குக்குத் தனி அடாப்டர் கட்டாயம். 12 வோல்ட் 2 ஆம்பியருக்குக் குறைந்து வாங்காதீர்கள், தட்டு சுழல ஆரம்பிக்கும் அந்த சில நொடியில்தான் அதிகம் இழுக்கும். தானாகத் தூங்கப் போகிற டாக் என்றால் அந்த வசதியை அணைக்க வழி இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

டாக் எப்போதாவது கழன்றால் என்ன ஆகும் என்பதைப் பெரும்பாலான வீடியோவில் சொல்வதில்லை. டிஸ்க் காணாமல் போனாலும் லினக்ஸில் அது இணைந்திருந்த ரெக்கார்டிங் ஃபோல்டர் அப்படியே இருக்கும், மறுபடி ஸ்டார்ட் ஆகும்போது ஃபிரிகேட் எதுவும் தெரியாமல் அதிலேயே எழுதும், அது போய்ச் சேருவது சின்ன எஸ்எஸ்டியில். 172 ஜிபி ஒரு நாளைக்கு, 256 ஜிபி எஸ்எஸ்டி, இரண்டாம் நாளே எஸ்எஸ்டி கிட்டத்தட்ட நிரம்பிவிடும். இதற்கு நான் செய்து வைத்திருப்பது எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. டிஸ்க்கை அந்த ஃபோல்டரில் இணைப்பதற்கு (மவுண்ட் செய்வதற்கு) முன்னால், அந்த வெற்று ஃபோல்டருக்கு மாற்ற முடியாதபடி இம்யூட்டபிள் கொடி போட்டுவிட வேண்டும். டிஸ்க் இல்லாதபோது முழு அதிகாரம் உள்ள ரூட் பயனரே வந்தாலும் அதில் ஒரு எழுத்து எழுத முடியாது, ஃபிரிகேட் உடனே எரர் காட்டும், போனுக்கு எச்சரிக்கை வரும். ஒரே ஒரு வரி கட்டளை! அக்கா வீட்டில் டாக் ஒயரை வேண்டுமென்றே பிடுங்கி மெஷினை ரீஸ்டார்ட் செய்து பார்த்தேன், எஸ்எஸ்டியில் ஒரு எம்பிகூட ஏறவில்லை. நான் போட்ட சத்தத்தில் அக்கா சமையலறையிலிருந்து ஓடி வந்துவிட்டாள்.

நடுவில் விட்டது ஒன்று: ஃபிரிகேட்டின் தற்காலிகக் கோப்புகளை ரேமில் வைக்கச் சொல்லிவிடுங்கள், எஸ்எஸ்டிக்கு வீண் எழுத்து மிச்சம். அப்புறம் ஆள் கண்டுபிடிக்கிற வேலைக்கு கேமராவின் சின்னப் படத்தை, அதாவது சப் ஸ்ட்ரீமை, நொடிக்கு 5 ஃபிரேமில் கொடுங்கள். பெரிய படம் ரெக்கார்டுக்கு மட்டும். இதை மாற்றியதும் பிராசஸர் மூச்சு விட ஆரம்பித்துவிடும். ரெக்கார்டை ஹெச்.265-க்கு மாற்றினால் இடம் ஏறக்குறைய பாதியாகும், சில பிரவுசரில் மட்டும் அது நேராக ஓடாது, பார்த்துச் செய்யுங்கள்.

நெட்வொர்க்கைப் பற்றி ஒரே பேச்சு. ரவுட்டரில் போர்ட் திறந்து கேமராவை இன்டர்நெட்டில் காட்டாதீர்கள். 2016-இல் மிராய் என்ற வைரஸ் இப்படித் திறந்து கிடந்த கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்துத்தான் இணையதள முகவரிகளைக் கையாளுகிற டைன் நிறுவனத்தைத் தாக்கிப் பெரிய பெரிய இணையதளங்களைப் படுக்க வைத்தது. வெளியிலிருந்து பார்க்க விபிஎன், அதாவது வீட்டு நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக வருகிற தனிப் பாதை, போடுங்கள்.

கடைசியாகக் கரண்ட். மின்சாரம் போய் வந்தால் மினி பிசி தானாக ஆன் ஆக வேண்டும், அதற்கு பயாஸில், அதாவது பெட்டி ஆன் ஆகும்போது முதலில் ஓடுகிற அமைப்பில், பவர் வந்ததும் ஆன் ஆகு என்ற ஆப்ஷன் இருக்க வேண்டும். சில பெட்டியில் இது இல்லவே இல்லை. அது இல்லாத பெட்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் வாங்கமாட்டேன், ராத்திரி ரெண்டு மணிக்குக் கரண்ட் போய் வந்தால் காலையில் யாராவது பட்டனை அமுக்கும் வரை வீட்டுக்குக் கண் கிடையாது. பெட்டியின் அடாப்டரையும் பாருங்கள், நிறைய மாடல் 12 வோல்ட், சிலது 19 வோல்ட். 12 என்றால், பின்னும் ஆம்பியரும் பொருந்தினால், டாக், பெட்டி எல்லாவற்றுக்கும் ஒரே வகை மாற்று அடாப்டர் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் ஒரு சின்ன யூபிஎஸ்ஸில் மாட்டுங்கள், ரவுட்டரையும், ஒயரிலேயே கேமராவுக்குக் கரண்ட் கொடுக்கிற பிஓஇ ஸ்விட்சையும் சேர்த்து, அவை அணைந்துவிட்டால் மினி பிசி மட்டும் முழித்திருந்து பயனில்லை.

பயாஸில் அந்த ஆப்ஷனைத் தேடிப் பார்த்துவிட்டு, இருக்கிறது, இல்லை என்று உங்கள் மினி பிசி மாடலோடு கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் தொகுத்து மேலே பின் செய்து வைக்கிறேன், வாங்கப் போகிறவர்கள் கடைக்குப் போகும் முன்னால் பார்த்துக்கொள்ளலாம்.