ஒலிக்காத தொலைபேசி

நேயர்களுக்கு வணக்கம்.

2020 மார்ச் மாதத் தொடக்கம். இத்தாலியில் குடும்ப வன்முறைக்கான உதவி எண் 1522. கொரோனா ஊரடங்கு வந்த அந்த முதல் நாட்களில் அந்த எண்ணுக்கு வந்த அழைப்புகள் சட்டென்று குறைந்தன. வீடுகளில் அமைதி திரும்பிவிட்டது என்று சிலர் நினைத்திருக்கக்கூடும். தொலைபேசியில் பெண்களின் குரலைக் கேட்டே பல ஆண்டுகள் கழித்தவள் நான். அந்த மௌனம்தான் என்னைப் பயமுறுத்தியது. சில வாரங்களில் அழைப்புகள் மளமளவென்று பெருகின. மார்ச் முதல் ஜூன் வரை கணக்கெடுத்தபோது, முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

அடி வாங்கும் பெண் எப்போது போன் செய்வாள்? கணவன் வேலைக்குப் போன பிறகு. பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பிய பிறகு. துணி உலர்த்தப் போகும் சாக்கில், கடைக்கு நடக்கும் வழியில். இப்படி நாளுக்குப் பத்து நிமிடம் அவளுக்குச் சொந்தமாக இருந்தது. ஊரடங்கு பறித்தது அந்தப் பத்து நிமிடத்தை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் கிசுகிசுத்துப் பேச வேண்டிய நிலை வந்தது.

வேலை போயிற்று, வருமானம் நின்றது, அந்த மன உளைச்சலில் கை நீண்டுவிட்டது என்று அப்போது பலர் காரணம் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வேலை இழந்த எத்தனையோ ஆண்கள் மனைவி மீது ஒரு விரல்கூட வைக்கவில்லை. நெருக்கடி வன்முறையைக் கூட்டும், உண்மை. ஆனால் அதற்கு முன்பே அது அந்த வீட்டில் குடியிருந்தது. உலகில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பெண் தன் வாழ்நாளில் உடல் வன்முறையையோ பாலியல் வன்முறையையோ சந்திக்கிறாள் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. ஊரடங்கு செய்தது என்னவென்றால், சாட்சிகளை அப்புறப்படுத்தியது. "கன்னத்தில் என்ன காயம்?" என்று கேட்கும் சக ஊழியர் இல்லை. எட்டிப் பார்க்கும் அம்மா இல்லை. பிள்ளையின் முகவாட்டத்தைக் கவனிக்கும் ஆசிரியர் இல்லை.

அடிப்பவனுக்கோ நோயே புதிய ஆயுதமாயிற்று. "வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டேன், நோயைக் கொண்டு வருவாய்" என்ற மிரட்டல். கை கழுவும் சோப்பைக்கூட ஒளித்துவைத்த கொடுமை. இவையெல்லாம் உதவி எண்களுக்கு வந்த முறையீடுகள்.

2020 ஏப்ரல் 5 அன்று ஐ.நா. பொதுச்செயலாளர் அன்டோனியோ குட்டெரெஸ், போர்க்களத்தில் கேட்ட போர்நிறுத்தத்தை வீடுகளுக்குள்ளும் கேட்டார். ஐ.நா.வின் பெண்கள் அமைப்பு இதை நிழல் பெருந்தொற்று என்று அழைத்தது. சொற்கள் சரிதான். ஆனால் பூட்டிய வீட்டுக்குள் இருந்தவளிடம் போய்ச் சேர்ந்தவை வேறு.

ஸ்பெயினில் மருந்துக் கடைகள் திறந்திருந்தன. அங்கே போய் "மாஸ்க் 19 வேண்டும்" என்று சொன்னால் போதும், கடைக்காரர் அவசர உதவியை அழைப்பார். பிரான்ஸ் அரசு, வீட்டை விட்டு வெளியேறியவர்கள் தங்க ஹோட்டல் அறைகளுக்குப் பணம் கொடுத்தது. அயர்லாந்து போலீசார், முன்பு புகார் கொடுத்த பெண்களைத் தாங்களே போனில் அழைத்து நலம் கேட்டார்கள்.

போலந்தில் கிறிஸ்டினா பாஷ்கோ என்ற பள்ளி மாணவி செய்ததை நினைத்தால் இன்றும் என் நெஞ்சு நிறைகிறது. முகநூலில் அழகுப் பொருள் விற்பதுபோல் ஒரு பொய்க் கடை. படங்கள், கிரீம்கள், எல்லாம் உண்டு. கணவன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாலும் சந்தேகம் வராது. ஒரு பெண் கிரீம் பற்றி விசாரித்தால் மறுமுனையில் பதில் எழுதுபவர் உளவியலாளர். அவள் முகவரி கொடுத்து ஆர்டர் செய்தால், போலீசை அனுப்புங்கள் என்று பொருள்.

அவளுக்கு மிச்சமிருந்த சின்னச் சின்ன சந்துகளைத் தேடிப் போன உதவிகள் இவை. நாமும் அப்படித்தான் போக வேண்டும். வானொலியில் படம் காட்ட முடியாது, அதனால் உங்கள் கையையே பயன்படுத்துகிறேன். உள்ளங்கையை எதிரில் இருப்பவருக்குக் காட்டுங்கள். கட்டைவிரலை உள்ளே மடக்குங்கள். மற்ற நான்கு விரல்களை அதன் மேல் மூடுங்கள். வீடியோ அழைப்பில் சத்தமின்றி உதவி கேட்பதற்காக 2020 ஏப்ரலில் கனடாவில் உருவான சைகை இது.

இதை ஒரு பெண் உங்களிடம் காட்டினால் அங்கேயே எதையும் உரக்கக் கேட்டுவிடாதீர்கள். அவன் பக்கத்திலேயே இருக்கலாம். பேச்சை இயல்பாக முடியுங்கள். பிறகு போனில் அழைத்து, ஆம் அல்லது இல்லை என்று மட்டும் பதில் சொல்லக்கூடிய கேள்விகளாகக் கேளுங்கள். இப்போது பேச முடியுமா? அவர் அருகில் இருக்கிறாரா? போலீசை அழைக்கட்டுமா? உன் பிள்ளைகள் உன்னோடு இருக்கிறார்களா? அவள் பதில் சொல்லத் தாமதித்தால், காத்திருங்கள். இணைப்பைத் துண்டிக்காதீர்கள்.